எப்போதும் 25 டிகிரி

மரப்பட்டறை எரிந்த வழக்கென்றால் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாகக் கை காட்டுவது பீடித் துண்டை. இல்லாவிட்டால் பழைய வயரிங்கை. கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நான் நடத்திய ஒரு வழக்கில் நிறுவனம் சொன்ன காரணம் புதியது. பட்டறைக்காரர் வீட்டிலேயே கட்டிய லித்தியம் பேட்டரியால்தான் தீப்பிடித்தது என்றார்கள். அது உண்மையும்கூட. என் சங்கடமே அதுதான்.

கட்சிக்காரர் கதவு, ஜன்னல், கட்டில் செய்பவர். அவருடைய 18 வோல்ட் டிரில்லின் பேட்டரி செத்துப்போனது. புதியதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவரிடம், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த மகன் "நானே கட்டித் தர்றேன்ப்பா" என்றிருக்கிறான். பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து 18650 செல்களை எடுத்து, ஐந்தை வரிசையாகச் சேர்த்து, செத்த பேட்டரியின் கூட்டுக்குள் அடக்கினான். கணக்கு சரிதான். நிரம்பிய செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. டிரில்லோடு வந்த சார்ஜரும் 21 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாது.

ஆனால் சார்ஜர் அதை ஏற்கவில்லை. சிவப்பு விளக்கு மின்னியது. அதில் ப்ளஸ், மைனஸ் தவிர மூன்றாவதாக ஒரு முனை உண்டு. கம்பெனி பேட்டரிக்குள் செல்லை ஒட்டி ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். அந்த முனை வழியாக அதைப் பார்த்துத்தான் சார்ஜர் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும். பையனின் பேட்டரியில் அது இல்லை. அவன் கண்ட வழி, அந்த இடத்தில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தது. அந்தத் தெர்மிஸ்டர் 25 டிகிரியில் காட்டும் அளவு அது. சார்ஜருக்கு இருந்த ஒரே சாட்சியும் பொய்சாட்சி ஆயிற்று. செல் கொதித்தாலும் அதற்குத் தெரிவது 25 டிகிரிதான்.

இதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்தது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிக்கும் பி.எம்.எஸ். போர்டு உள்ளே இல்லை. பழைய செல்கள் ஐந்தும் ஒரே வலுவில் இருக்காது. வலுவிழந்தது முதலில் நிரம்பி 4.2-ஐத் தாண்டிப் போகும். மற்றவை பின்தங்கி நிற்கும். சார்ஜர் மொத்தத்தை மட்டும் பார்த்து, 21 ஆகவில்லையே என்று தொடர்ந்து ஏற்றும். 2021 தொடக்கத்தில் ஒரு ராத்திரி, சார்ஜரைப் போட்டபடியே பட்டறையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் தின்னர் டப்பா.

"வக்கீலய்யா, கரண்டு வயர்ல பொறி பறந்துச்சுன்னு எழுதிக் குடுத்துடலாமுங்களா? பையன் பேரு வேண்டாமுங்க" என்றார். அவர் பயம் போலீஸ். எனக்குப் பயம் பாலிசியின் ஒரு நிபந்தனை: கோரிக்கையில் பொய் இருந்தால் மொத்த உரிமையும் போகும். அதே மாதிரி கட்டிய இரண்டாவது பேட்டரி ஒன்று வீட்டில் இருக்கிறதென்று பேச்சுவாக்கில் சொன்னார். "அதக் கொண்டாங்கண்ணா. நாமளே காட்டிடலாம்" என்றேன். அரை மனதோடுதான் கொண்டுவந்தார்.

2021 ஏப்ரலில் சிறுதொழில்களுக்கென்று தனிப் பாலிசி வந்தது. இவருடையது அதற்கு முந்தைய பொதுவான தீ விபத்துப் பாலிசி. மின்கருவி தானே சூடேறியோ ஷார்ட் ஆகியோ கெட்டால் இழப்பீடு இல்லை என்று அதில் ஒரு விலக்கு. நிறுவனம் கையை விரித்தது இதைக் காட்டித்தான். சர்வேயரின் அறிக்கை அந்தப் பிரிவை எடுத்தெழுதி, பாதியிலேயே முற்றுப்புள்ளி வைத்திருந்தது. மூலத்தில் அங்கே முற்றுப்புள்ளி கிடையாது. இந்த விலக்கு கெட்டுப்போன அந்தக் கருவிக்கு மட்டுமே, அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த மற்றவற்றுக்குப் பொருந்தாது என்று தொடர்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. கேள்விகளை எழுதிக் கொடுப்போம். மீதி வரியை ஏன் விட்டீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. 'கவனக்குறைவால் விடுபட்டது' என்று பதில் வந்தது. கவனக்குறைவு என்பது எங்கள் தரப்புக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று வாதத்தில் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து, அலட்சியம் என்றார்கள். அலட்சியம்தான். ஆனால் தீக்காப்பீடு அலட்சியத்துக்கும் சேர்த்துத்தான். வேண்டுமென்றே கொளுத்தியிருந்தால் கதை வேறு. 1941-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாரிஸ் எதிர் போலந்து வழக்கை எடுத்து வைத்தேன். திருடர் பயத்தில் நகைகளைக் கணப்படுப்பின் கரிக்கடியில் ஒளித்துவைத்த ஒரு பெண், அதை மறந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அவருக்கே இழப்பீடு கிடைத்தது. அதைவிட ஐந்து செல் கட்டிய பையன் ஒன்றும் பெரிய அசடன் இல்லை.

சார்ஜர் விற்ற கடையையும் சேர்த்து இழுக்கச் சொன்னார் கட்சிக்காரர். நான் மறுத்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவுப்படி, மாற்றியமைத்த பொருளுக்கு விற்றவர்மேல் பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது. பையனின் கைவேலை பேட்டரியில்தான் என்றாலும், சார்ஜரை ஏமாற்றியதும் அந்த வகையில்தான் சேரும். தவிர, அந்தச் சார்ஜர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அது ஒருமுறை மறுத்துப் பார்த்தது.

இரண்டாவது பேட்டரியை ஆணையத்தில் ஒரு பொறியியல் பேராசிரியர் பிரித்துக் காட்டினார். ரெசிஸ்டரைப் பார்த்த உறுப்பினர் ஒருவர் முதலில் கேட்டது, "இதை ரெக்கார்டு ரூமில் வைக்கணுமா?" என்றுதான். போட்டோ எடுத்துக்கொண்டு, செல்களின் சார்ஜை முழுக்க இறக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கூரை, தேக்குப் பலகைகள், இழைப்பு மெஷின் எல்லாவற்றுக்கும் வட்டியோடு உத்தரவானது. சார்ஜரும் அந்த ஒரு பேட்டரியும் கழிக்கப்பட்டன. உத்தரவு நகலை விரல் வைத்துப் படித்த கட்சிக்காரர், "சார்ஜருக்குஞ் சேத்துத்தானுங்க பிரீமியம் கட்டுனேன்? அதுக்கு மட்டும் அப்பீல் போடலாமுங்களா?" என்று கேட்டார். அப்பீல் கட்டுக்கு ஆகும் ஜெராக்ஸ் செலவில் சார்ஜரே வாங்கிவிடலாம் என்றேன்.