கேஜ் இறங்கும் கணக்கு

டியூஷன் எடுக்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பட்டதாரிப் பிள்ளைகள் கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.யைப் பற்றி முதலில் கேட்பது ஒன்றுதான்: "சி.இ.டி.க்கு எந்த கைடு மிஸ் நல்லது?" கைடு ராபர்ட்சன்பேட்டைக் கடையில் கிடைக்கும். அதற்கு நான் எதற்கு?

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு எங்கள் கோலார் தங்கவயலின் பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவுக்கு வேலை போனது. நான் பி.எஸ்சி. கடைசி வருஷம். சாம்பியன் ரீஃபில் எங்கள் லைன் வீட்டு வாசலில் நாலு பியுசி பிள்ளைகளை உட்காரவைத்து டியூஷன் ஆரம்பித்தேன். வீட்டுக்கு அரிசி வாங்கத்தான். சேவை, லட்சியம் என்றெல்லாம் எதுவும் இல்லை.

தொழில் தெரியாமல் செய்த தப்புகள் நிறைய. முதல் இரண்டு வருஷம் பழைய கேள்வித்தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தேன். பிள்ளைகள் சடசடவென்று போட்டார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் சும்மா ஆப்ஷன்களின் வரிசையை மட்டும் மாற்றி அதே தாளைக் கொடுத்தேன். பாதி வகுப்பு கவிழ்ந்தது. "இதுக்கு விடை சி தானே மிஸ்" என்று ஒருத்தி என்னிடமே சண்டைக்கு வந்தாள். அவர்கள் படித்தது பௌதிகம் இல்லை, எழுத்துகள். அன்றிலிருந்து ஒரு தாளை ஒரு மாதம் கழித்து, ஆப்ஷனைக் கலைத்து, மறுபடி கொடுக்காமல் விடுவதில்லை.

எனக்குக் கணக்கு சொல்லித்தந்த வாத்தியார் சிவப்பு மை தொட்டதே கிடையாது. வழி எந்த வரியில் முதலில் பிசகியதோ அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார். என்ன தப்பு என்று வாயைத் திறக்க மாட்டார். அந்தப் புள்ளியை வெறித்துப் பார்த்தே நாங்கள் தேறினோம். அதே புள்ளியை வைக்க எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. தப்பு எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க, பிள்ளை யோசித்த மாதிரியே நாமும் தப்பாக யோசிக்க வேண்டும். சரியான விடை தெரிந்தவர்களுக்கு அது லேசில் வராது.

சி.இ.டி. தாளின் சங்கதியும் உண்டு. பாடத்துக்கு 60 கேள்வி, 80 நிமிஷம். ஓ.எம்.ஆர். விடைத்தாளில் பேனாவால் நிரப்பிவிட்டால் அழிக்க வழியில்லை. மாதிரித் தேர்வில் ஒருத்தி 23-ஆம் கேள்வியை விட்டுவிட்டு, 24-இன் விடையை 23-இன் வட்டத்தில் போட்டு, கடைசிவரை அப்படியே இறங்கிக்கொண்டு போனாள். இப்போது எல்லோரும் எண்ணை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேதான் நிரப்ப வேண்டும். சி.இ.டி.யில் மைனஸ் மார்க் கிடையாது. தெரியாததையும் நிரப்பிவிட்டு எழுந்திரு என்பேன். ஜே.இ.இ. மெயினில் தப்புக்கு ஒரு மார்க் போகும். இரண்டும் எழுதுகிற பிள்ளைக்குக் கை குழம்பும். அதனால் சனிக்கிழமைத் தாளுக்கு மைனஸ், ஞாயிற்றுக்கிழமைத் தாளுக்கு இல்லை என்று பிரித்துவைத்திருக்கிறேன்.

ஆனால் இங்கே உண்மையான கஷ்டம் வேறு. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், சி.இ.டி. தாள் இங்கிலீஷிலும் கன்னடத்திலும். பிள்ளையின் அப்பா விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனால் இரவுதான் வருவார்; கேட்டுச் சொல்ல ஆளில்லை. தமிழில் 'இல்லை' என்பது வாக்கியத்தின் கடைசியில் வரும். இங்கிலீஷ் கேள்வியில் 'நாட்' முன்னாலேயே வந்துவிட்டுப் போகும். நாலு ஆப்ஷனையும் படித்து முடிப்பதற்குள் பிள்ளை அதை மறந்திருக்கும். அதனால் பேனாவைக் கீழே வை, கேள்வியை உன் வீட்டுத் தமிழில் எனக்குச் சொல் என்பேன். சொல்ல வராத கேள்வியைப் போட விடமாட்டேன். நேரம் வீணாகிறது என்று பெற்றோர் முறையிடுவார்கள். ஜூன், ஜூலையில் வீணாகும்தான். ஜனவரியில் பார்த்தால் அந்த வேலை மனசுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கும்.

போன வருஷம் ஒரு லிஃப்ட் கணக்கு. 60 கிலோ ஆள் லிஃப்டில் கீழே இறங்குகிறார். வேகம் வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வீதம் குறைகிறது. தரை அவரை எவ்வளவு விசையோடு தாங்கும்? ஜி-யை 10 என்று வைத்துக்கொள். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் 480 நியூட்டன் என்றார்கள். 'கீழே' என்ற சொல்லைப் பார்த்ததும் கழித்துவிட்டார்கள். நான் புள்ளி வைத்தேன். யாருக்கும் பிடிபடவில்லை.

"உங்க தாத்தா கேஜ்ல இறங்கினவர்தானே, கேட்டுட்டு வா" என்று ஒரு பையனை அனுப்பினேன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் லிஃப்ட்தான் கேஜ்.

மறுநாள் வந்து சொன்னான்: "மிஸ், கிளம்பும்போது வயிறு மேல ஏறுமாம். அடியில நிக்கப் போறப்போ முட்டி மடங்குமாம்."

"முட்டி ஏன்டா மடங்குது?"

கொஞ்சம் யோசித்தான். "கனம் ஏறுது... அப்போ கூட்டணும். 720."

அன்று சாயங்காலம் அவனைக் கூட்டிப்போக வந்த தாத்தா கதவோரம் நின்று போர்டைப் பார்த்தார். நான் வரைந்திருந்தது ஒரு சதுரம், அதற்குள் ஒரு குச்சி மனிதன், இரண்டு அம்பு.

"கேஜுக்கு ரோப் எங்கம்மா?" என்றார்.

வரைந்தேன். மறுநாள் பாடம் அந்தக் கயிற்றின் இழுவிசை.