கண்ணாடி வளையல் சத்தத்தோடு கரையேறும் ஐஸ்... டுலுத் ஏரிக்கரையின் குளிர்கால அதிசயம்!

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், ஒரு கூடை கண்ணாடி வளையல்களை யாரோ பாறைமீது மெதுவாகக் கொட்டுவதுபோல இருக்கும். கண்ணைத் திறந்தால் எதிரே பரந்து கிடக்கிறது ஏரி. காற்று தள்ளத் தள்ள, மெல்லிய ஐஸ் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நொறுங்கி, கரையில் குவிந்துகொண்டே இருக்கின்றன.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் துறைமுக நகரம் டுலுத். குளிர்காலத்தில் இந்தக் காட்சிக்காகவே கேமராவும் கையுமாகக் கரையில் காத்திருப்பவர்கள் உண்டு. 2016 பிப்ரவரியில் இங்கே எடுக்கப்பட்ட ஒரு வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அதில் வசனம் இல்லை, ஆட்கள் இல்லை. ஐஸ் உடைந்து குவிவதைத்தான் அத்தனை பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

ஏரியா, கடலா?

சுப்பீரியரை ஏரி என்று சொன்னால் நேரில் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். பரப்பளவு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். பரப்பில் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரி இதுதான். அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் இதை 'கிச்சிகாமி' என்கிறார்கள். பெருங்கடல் என்று பொருள்.

மலைச்சரிவில் அமைந்த ஊர் டுலுத். தெருக்கள் எல்லாம் ஏரியை நோக்கி இறங்குகின்றன. கீழே கால்வாய் முகப்பில், கப்பல் வந்தால் பாதையோடு சேர்ந்து மேலே உயரும் இரும்புப் பாலம்தான் ஊரின் அடையாளம். ஆனால், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 25 வரை ஏரியின் கிழக்கு முனையில் உள்ள கப்பல் மதகுகள் மூடப்பட்டிருக்கும். பெரிய கப்பல்கள் துறைமுகத்தில் ஓய்வெடுக்கும். ஹாரன் சத்தம் அடங்கிய அந்த வாரங்களில்தான் ஐஸ் பேசுவது நன்றாகக் காதில் விழும்.

எப்படிக் குவிகிறது?

காற்றில்லாத கடுங்குளிர் இரவில், கரையோர நீரின்மேல் ஜன்னல் கண்ணாடி போல மெல்லிய ஐஸ் படர்கிறது. காலையில் ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்புகிறது. டுலுத்திலிருந்து ஏரி வடகிழக்காக விரிவதால், கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் காற்றுக்குத் தடையே கிடையாது. அது பல கிலோமீட்டர் பரப்புள்ள ஐஸை மொத்தமாகக் கரைக்குத் தள்ளுகிறது.

முன்விளிம்பு பாறையில் முட்டியதும் அப்பளம்போல நொறுங்குகிறது. பின்னால் வரும் தகடு நிற்பதில்லை. இடையில் கசியும் நீர் வழுக்கிவிட, உடைந்த துண்டுகளின் மேல் சறுக்கி ஏறி அதுவும் உடைகிறது. சில மணி நேரத்தில் கரை நெடுக ஐஸ் சில்லுகளால் ஒரு மதில் எழுந்துவிடும். ஐஸ் சூரிய ஒளியின் சிவப்பு நிறத்தைச் சற்று உறிஞ்சிக்கொள்வதால், தடித்த குவியல்களின் உட்புறம் நீலமாகத் தெரியும்.

கேமராவுக்கும் குளிரும்!

இதைப் படம்பிடிப்பது பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை. குளிரில் செல்போன் பேட்டரி கண்ணெதிரே இறங்கும். அனுபவசாலிகள் மாற்று பேட்டரியை உடலோடு ஒட்டிய உள்பாக்கெட்டில் சூடாக வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளைப் பரப்பைக் கண்டதும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து, ஐஸைச் சாம்பல் நிறமாக்கிவிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். மைக்கைப் பஞ்சு உறையால் மூடாவிட்டால், வளையல் சத்தத்துக்குப் பதில் காற்றின் இரைச்சல்தான் பதிவாகும். வீடு திரும்பும்போது கேமராவைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடிய பிறகே உள்ளே கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால், வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்றிலுள்ள ஈரம் லென்ஸில் வியர்த்து நிற்கும்.

இத்தனைக்கும் முன்னால் அவர்கள் பார்ப்பது காற்றின் திசை. படம் கிடைக்குமா என்பதை மட்டுமல்ல, பத்திரமாகத் திரும்புவோமா என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

அதே காற்று, வேறு முகம்

டுலுத் கரையில் குவிவது மெல்லிய தகடு. அதனால் அது அழகு. அதே மாநிலத்தில் உள்ள மில்லாக்ஸ் ஏரியில் 2013 மே மாதம் நடந்தது வேறு. வசந்தம் வந்தும் உருகாமல் மிதந்த தடித்த ஐஸைப் பலத்த காற்று கரைக்குத் தள்ளியது. ஐஸ் கரையோடு நிற்கவில்லை. புல்வெளியைக் கடந்து, வீடுகளின் கண்ணாடிக் கதவுகளை முட்டி உள்ளே நுழைந்தது. வாசலை நோக்கி ஊர்ந்துவரும் ஐஸை அங்கிருந்தவர்கள் எடுத்த வீடியோக்களில், டுலுத்தில் கேட்கும் அதே சலசலப்புதான் கேட்கிறது. இந்த முறை அதை ரசிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய நாள் கனடாவின் மானிடோபா மாகாணத்தில், டாஃபின் ஏரிக்கரையிலும் இதேபோல் ஐஸ் ஏறியது. 20-க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாகின. சில வீடுகள் தரைமட்டமாயின.

காற்று திரும்பினாலோ ஆபத்து வேறு வடிவில் வரும். கரைக்குத் தள்ளிய ஐஸையே அது ஏரிக்குள் இழுத்துக்கொண்டு போகும். 2009 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தை ஒட்டிய ஈரி ஏரியில், மீன் பிடிக்கப் போனவர்கள் நின்றிருந்த ஐஸ் பாளம் கரையிலிருந்து பிரிந்து விலகியது. 130-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். ஒருவர் உயிரிழந்தார்.

நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலத் தடிமன் வேண்டும் என்பது மின்னசோட்டா இயற்கைவளத் துறையின் அறிவுரை. எந்த ஐஸும் முழுப் பாதுகாப்பானதல்ல என்பதையும் அந்தத் துறை சேர்த்தே சொல்கிறது. டுலுத்தில் குவிந்து நிற்கும் ஐஸ் மதில் கெட்டியாகத் தெரியும். உண்மையில் அது உதிரிச் சில்லுகளின் குவியல். அதன் அடியில் பாறையும் இருக்கலாம், உறையாத நீரும் இருக்கலாம். அதனால் நல்ல படங்கள் எல்லாமே கரையில் நின்று எடுத்தவைதான். கேமராவைத் தாழ்வாக வைத்தாலே போதும், சாண் உயரக் குவியலும் மலைத்தொடராகத் தெரியும்.

நாளை இருக்குமா?

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் 1973 முதல் ஐஸ் பரப்பு கணக்கிடப்படுகிறது. 1979-ல் அதிகபட்சமாகச் சுமார் 95 சதவிகிதப் பரப்பு உறைந்தது. 2024 குளிர்காலத்தில் அந்த உச்சமே சுமார் 16 சதவிகிதம்தான். வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கினாலும், மொத்தத்தில் ஐஸ் குறைந்துகொண்டேதான் வருகிறது. ஐஸ் படராத இரவுக்குப் பின் காற்று எவ்வளவு அடித்தாலும் கரைக்கு வருவது வெறும் அலைதான்.

அதனால் காற்று ஏரிப் பக்கமிருந்து வீசும் நாளை டுலுத்காரர்கள் தவறவிடுவதில்லை. மாலைக்குள் காற்று மேற்கே திரும்பினால், மறுநாள் காலையில் கரையோரம் நீலத் தண்ணீர்தான் தளும்பும். பாறை இடுக்குகளில் மட்டும் முந்தைய நாள் ஐஸ் சில்லுகள், வெயிலில் மின்னியபடி கொஞ்ச நேரம் கிடக்கும்.