விண்ணப்பத்தில் ஒரு கேள்வி



விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கணினிப் படிப்பை முடித்துள்ளனர். முன்னர் அதற்கேற்ற பணி தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்லவேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், அத்தொழில் நம் மாவட்டத்திற்கே வந்துவிட்டது. ஆயினும் அதன் வாயில் சிலருக்கு அடைபட்டே கிடக்கின்றது.

விண்ணப்பத்திலுள்ள ஒரு கேள்வியே அதற்குக் காரணம்: "உம்மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா?" மென்பொருள் நிறுவனத்தார் பிறருடைய வங்கிக் கணக்குகளையும் மருத்துவக் குறிப்புகளையும் கையாளுகின்றனர்; ஆதலால் பணிக்கு வருவோரின் பின்னணியை ஆராய்கின்றனர். திருவிழாக் கைகலப்பு வழக்கொன்றில் பெயர் சேர்க்கப்பட்ட இளைஞரின் அன்னை நம்மிடம் வந்து, "இல்லைன்னு எழுதிட்டா என்ன, சாமி?" என்று கேட்டார். "வேண்டாம், அம்மா" என்றோம்.

அரசுப் பணி பற்றிய அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக ஆராய்ந்தது. உண்மையை மறைத்தவரைப் பணியினின்று நீக்கலாம். இளமையில் நேர்ந்த சிறு குற்றமாயின் பொறுத்துக்கொள்ளவும் செய்யலாம். அதே வேளையில், உண்மையை உரைத்தவரையும் நியமித்தே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை. தனியார் நிறுவனங்களோ தத்தம் விதிப்படியே முடிவு செய்கின்றன.

ஆகவே பெற்றோர் முதலில் வழக்கின் நிலையை அறிதல் வேண்டும். வழக்கு வேறு, தண்டனை வேறு. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகளே. விடுதலையானவர் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்று வைத்துக்கொள்ளட்டும். 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனைத் தீர்ப்பினால் வரும் சட்டத் தகுதியிழப்பு இல்லை என அதன் 12ஆம் பிரிவு கூறுகின்றது. பதினெட்டு வயதிற்குள் தவறியோருக்கும், சில கொடுங்குற்ற வழக்குகள் நீங்கலாக, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அவ்வாறே காப்பளிக்கின்றது. இவற்றை அறியாமலே விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்தோர் உளர்.

அவ்விளைஞர் உண்மையையே எழுதினார், நிறுவனம் மறுத்துவிட்டது. உண்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. இன்று அவர் கணினிக் கடையொன்றில் பழுது பார்க்கின்றார். கடைக்காரர் விவரம் அறிந்தே அவரைச் சேர்த்துக்கொண்டார். ஈராண்டு கழித்து அவர் எழுதித்தரும் நன்னடத்தைக் கடிதம், அடுத்த விண்ணப்பத்தில் அவ்விளைஞருக்காகப் பேசும்.

நம்மிடையே கடை நடத்துவோர் உளர். அச்சகமும் பட்டறையும் வைத்திருப்போர் உளர். பெரு நிறுவனங்களின் விதியை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் முதல் வேலையைத் தர இயலும். பாவமன்னிப்புப் பெற்றுத் திரும்புகின்றவரைப் பீடத்தருகே ஏற்கின்ற நாம், நம் கல்லாப்பெட்டியருகே நிற்கவிட ஏன் அஞ்சவேண்டும்? இளைஞர் எவரேனும் தம் வழக்கை மறைக்காமல் கூறி வேலை கேட்டு வந்தால், அவரை அமரச் செய்து முழுவதும் கேளுங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள்.