முதலில் சத்தத்தைச் சமன் செய்

“இடது பக்கத்து டேக்தான் அண்ணே, சந்தேகமே இல்லை” என்றேன். பாட்டு ஆரம்பித்துப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

அண்ணன் பதில் பேசவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டார். ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். வலது டேக்குக்கு 2.00 வோல்ட் காட்டியது, இடது டேக்குக்கு 2.31.

“ஒண்ணேகால் டெசிபெல் கூட. நீ டேக்கை எடுக்கலை தம்பி, சத்தத்தை எடுத்திருக்க.”

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ஒரு மாடிப்படியின் முடிவில் இருக்கிறது அண்ணனின் பட்டறை. முப்பது வருடமாக ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர். நான் ஈயம் வைக்கக் கற்றுக்கொள்ளப் போனவன், ஆனால் அங்கே முதலில் கற்றது காதைச் சந்தேகிக்க.

போனிலோ லேப்டாப்பிலோ இருக்கிற பாட்டு வெறும் எண்வரிசை. சிடி என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒன்று. அந்த எண்களை மின்னலையாக மாற்றித் தருவதுதான் டேக். போனுக்குள்ளேயே ஒன்று இருக்கும். தனிப் பெட்டியாக வாங்கப் போனால் சில ஆயிரத்தில் தொடங்கிப் பல லட்சம் வரைக்கும் விலை ஏறும். அன்றைக்கு மேசையில் இருந்த இரண்டும் லட்சத்தைத் தாண்டியவை. மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு வங்கி அதிகாரி, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டு இரண்டையும் எங்களிடம் விட்டுப் போயிருந்தார்.

சத்தம் கொஞ்சம் கூடினால் ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று காது சொல்வதில்லை. ‘தெளிவு’ என்கிறது, ‘உயிர் இருக்கு’ என்கிறது. இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். அந்த அதிகாரியும் ஒரு கடையில் ஒரு டேக்கை எக்ஸ்எல்ஆர் வழியாகவும் மற்றதை ஆர்சிஏ வழியாகவும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். ஆர்சிஏவில் வழக்கமாக 2 வோல்ட் வரும், எக்ஸ்எல்ஆரில் 4. அதாவது 6 டெசிபெல் வித்தியாசம். அதற்குப் பிறகு சிப் எது, கம்பெனி எது என்று பேச என்ன இருக்கிறது?

“சுருதி சேர்க்காம யாராவது பாட உட்காருவாங்களா?” என்று கேட்டார் அண்ணன். பட்டறையில் அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

சுருதி சேர்க்கும் பெட்டியை நானே கட்ட வேண்டும் என்றார். இரண்டு டேக்குகள் உள்ளே வரும், ஒன்று வெளியே போகும், நடுவில் ஒரு டாகிள் சுவிட்ச். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மல்டிடர்ன் பிரீசெட். சின்ன ஸ்க்ரூடிரைவரால் பல சுற்றுத் திருப்பினால்தான் அது கொஞ்சம் நகரும். டேக்கில் உள்ள வால்யூம் பெரும்பாலும் அரை டெசிபெல் படியாகத்தான் ஏறும், எங்களுக்கு வேண்டியதோ 0.1 டெசிபெல்லுக்குள். வோல்ட் கணக்கில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. 2.00-க்கும் 2.02-க்கும் நடுவில் நின்றாக வேண்டும்.

கட்டி முடித்துக் கேட்டேன். நோட்டில் எழுதினேன்: ‘வலது டேக்: வீணை பின்னால் போகிறது, மேடை சாய்கிறது.’ மேடை சாயத்தான் செய்தது. நான் ஈயம் வைத்த ஒரு இணைப்பு டிரை சால்டர். அண்ணன் லென்ஸை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நல்ல இணைப்பு பளபளவென்று கம்பியோடு வழிந்து நிற்கும். என்னுடையது சாம்பல் பூத்து, கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் விட்டிருந்தது. ஒரு லட்ச ரூபாய்ப் பெட்டியின் மேல் என் ஈயத்தின் குற்றத்தைச் சுமத்தியிருந்தேன்.

பிறகுதான் இரண்டு டேக்குகளையும் திறந்து காட்டினார். ஒன்று ஏணி வகை. ஒரு மதிப்பிலும் அதன் இரு மடங்கிலும் உள்ள ரெசிஸ்டர்களை ஏணிப்படி போல் அடுக்கி, ஒவ்வொரு பிட்டுக்கும் உரிய எடையைத் தருவது. 16 பிட்டில் முதல் பிட்டின் எடை கடைசிப் பிட்டைப்போல 32,768 மடங்கு. மேல்படி ரெசிஸ்டர் மிகக் கொஞ்சம் பிசகினாலும், சூட்டில் மதிப்பு நகர்ந்தாலும், கீழ்ப்படிகள் சொல்வது எல்லாம் அதில் அடிபட்டுப்போகும். அதனால்தான் நல்ல ஏணி விலை கூடியது. மற்றது டெல்டா சிக்மா வகை. சில நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நொடிக்குப் பல லட்சம் தடவை மாற்றி மாற்றி அடித்து, சராசரியில் அலையைக் கொண்டுவரும். இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் இதுதான்.

அலமாரியிலிருந்து ஒரு பழைய சிடி பிளேயரையும் இறக்கினார். உள்ளே பிலிப்ஸின் டிடிஏ1541, 1980-களின் சிப். இரு பக்கமும் ஏழு ஏழாகப் பதினான்கு சின்னக் கப்பாசிட்டர்கள். படிகளைத் துல்லியமாகச் செதுக்குவதற்குப் பதில், உள்ளே மின்னோட்டங்களை இடம் மாற்றிச் சுழற்றிப் பிழையைச் சராசரியாக்குகிறது அந்த சிப். சுழற்சியில் வரும் துடிப்பை அந்தப் பதினான்கும் உறிஞ்சுகின்றன. “பிசகு இல்லாம செய்ய முடியலைன்னா பிசகைப் பங்கு போட்டுக் கொடுத்துடு” என்றார்.

பெயரைப் பார்த்து வாங்காதே என்பதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோக்கா நகரில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல் பல கம்பெனிகள் வேறு நிறுவனத்தின் சிப்புக்கு மாறின. மாடலின் பெயரில் பெரிய மாற்றம் இருக்காது, உள்ளே இருப்பதோ வேறு. பழைய மதிப்புரையைப் படித்துவிட்டுப் புதிய பெட்டியை வாங்கினவர்கள் உண்டு.

அடுத்தது கண்ணைக் கட்டும் வேலை. அண்ணன் சுவிட்சைத் துணியால் மூடி, காசைச் சுண்டிப் பார்த்து மாற்றுவார். நான் எது என்று சொல்ல வேண்டும், பதினாறு முறை. சும்மா ஊகித்தாலே எட்டு சரியாக வரும். பன்னிரண்டும் அதற்கு மேலும் ஊகத்தில் வர நூற்றுக்கு நாலு வாய்ப்புகூட இல்லை. ஆகவே பன்னிரண்டுதான் எங்கள் கோடு.

கேட்க எடுத்தது ஒரு கச்சேரிப் பதிவு. பாடகர் தொடங்குமுன் தம்புரா மட்டும், பிறகு தனி ஆவர்த்தனத்தில் கஞ்சிரா. தம்புராவில் ஜீவாளி இழை எழுப்பும் ரீங்காரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கஞ்சிராவில் தோலின் அடி முடிந்த பிறகும் ஓரத்துக் காசுகள் சிணுங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சிணுங்கல் எப்படி அடங்குகிறது என்று கேட்கச் சொன்னார்.

ஏணி டேக்கை அதன் டிஜிட்டல் வடிகட்டியை நிறுத்திய நிலையில் வைத்தபோது பதினாறில் பதினான்கு சரி. காசுகள் பஞ்சு சுற்றியதுபோல் ஒலித்தன. எனக்குத் தலை கனத்தது. அண்ணன் காகிதத்தில் கணக்குப் போட்டார்: வடிகட்டி இல்லாத சிடி ஒலியில் 10,000 ஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெல் குறையும், 20,000-இல் மூன்றுக்கும் மேல். நான் கேட்டது ஏணியின் மந்திரம் இல்லை, மேல்சுரத்தின் சத்தம் கொஞ்சம் இறங்கியது. பலர் ‘இதமான ஒலி’ என்று விரும்புவதும் அதையே. வடிகட்டியைப் போட்டு மீண்டும் உட்கார்ந்தேன். ஒன்பது. தலையைக் காது கீழே இறக்கிவிட்டது.

அதிகாரி சனிக்கிழமை வந்தார். அவரையும் உட்கார வைத்தோம். அவருக்கு ஏழு வந்தது. சிரித்துவிட்டு, “அப்போ நான் எதைத்தான் எடுக்க?” என்றார். அண்ணன் கேட்ட கேள்விகளில் ஒலியே இல்லை. வீட்டில் லேப்டாப்பிலிருந்தா பாட்டு? சார்ஜர் மாட்டினால் ஸ்பீக்கரில் உம்மென்று வருகிறதா? வந்தால் யுஎஸ்பியை விட்டு ஆப்டிகல் கேபிள் போடுங்கள், ஒளி வழியாக எர்த் இரைச்சல் ஏறாது. ரிப்பேர் என்றால் யார் பார்ப்பார்கள்? வீட்டில் வேறு யார் கேட்பார்கள்?

“அம்மாதான். காலையில சுப்ரபாதம் போடணும். ரிமோட்டெல்லாம் அவங்களுக்கு வராது.”

அண்ணன் இரண்டு பெட்டிகளையும் அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றின் முகப்பில் வெறும் கண்ணாடி, மற்றதில் கை கொள்ளும் அளவுக்கு ஒரு உருண்டைக் குமிழ். அதிகாரி குமிழைத் திருகிப் பார்த்தார்.

நோட்டில் அன்றைய பக்கத்தில் வோல்ட் எழுதியிருந்தேன், பதினான்கு எழுதியிருந்தேன், ஒன்பதும் ஏழும் எழுதியிருந்தேன். கடைசிக் கட்டத்தில், ‘வாங்கிய காரணம்’ என்ற இடத்தில், அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன்: குமிழ்.