நாடுகாணியிலிருந்து பூக்கோட்டூருக்கு

கூடலூரிலிருந்து நாடுகாணிக் கணவாய் வழியாக இறங்கும் சாலை வழிக்கடவு, எடக்கரை, நிலம்பூர், மஞ்சேரி என்று போய்க் கேரளத்தின் பூக்கோட்டூரை அடைகிறது. தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க நீலகிரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஊட்டி, குன்னூரோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் 1921 ஆகஸ்ட் 26 அன்று பூக்கோட்டூரில் பிரிட்டிஷ் படைக்கும் மலபார் முஸ்லிம்களான மாப்பிள்ளைமாருக்கும் நடந்த சண்டையைப் புரிந்துகொள்ள, இந்த மலைப்பக்கமாக இறங்கிப் போவதே நல்ல வழி. காரணம் நிலம். கூடலூர் வட்டாரம் 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. இங்குள்ள காடும் தோட்டமும் பெருமளவு நிலம்பூர் கோவிலகம் என்ற ஜமீன் குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அந்தக் கோவிலகத்திடம்தான் குத்தகைக்கு எடுத்தார்கள். அதே கோவிலகத்துக்குப் பூக்கோட்டூரிலும் ஒரு மாளிகை இருந்தது.

கோழிக்கோட்டிலிருந்து மலப்புறத்துக்கு லாரிகளில் போய்க்கொண்டிருந்த லெயின்ஸ்டர் ரெஜிமெண்ட் சிப்பாய்களையும் போலீசாரையும் வயல்களில் பதுங்கியிருந்தவர்கள் மறித்தார்கள். ஒரு பக்கம் வாளும் ஈட்டியும் சில துப்பாக்கிகளும். மறுபக்கம் இயந்திரத் துப்பாக்கி. மாப்பிள்ளைமார் சுமார் 400 பேர் இறந்ததாக அரசுத் தரப்பு சொன்னது. தன் பக்கத்தில் போலீஸ் அதிகாரி லங்காஸ்டர் உட்பட மிகச் சிலரே என்றது. ஊர் நினைவில் சிப்பாய்களின் சாவு இதைவிடப் பன்மடங்கு. இதில் எனக்கு அரசுக் கணக்கே ஏற்புடையது. ரெஜிமெண்டில் செத்தவனுக்குப் பெயரும் பதிவும் உண்டு, இந்தச் சண்டையை உள்ளடக்கிய 1921 மலபார்க் கலகம் முழுவதிலும் படைத்தரப்பில் இறந்தவர்கள் 43 பேர்தான். ஆனால் அந்த 400 எண்ணிப் பார்த்த கணக்கல்ல. படை அன்றே மலப்புறம் போய்விட்டது. பிணங்களை அடக்கியவர்கள் ஊர்க்காரர்கள். பெரிய எண் அரசுக்குப் பாடம் புகட்டிய பெருமை, ஊருக்குத் தியாகத்தின் பெருமை. இரு தரப்பும் ஒத்துப்போவதால் மட்டும் அது உண்மையாகிவிடாது.

எண்ணைவிட ஆழமான முரண், கதையை எங்கே தொடங்குவது என்பதில் இருக்கிறது. போலீஸ் சூப்பரின்டென்டென்டாக இருந்த ஹிட்ச்காக் எழுதிய வரலாறு, துருக்கிக் கலீபாவுக்கு ஆதரவான கிலாபத் கிளர்ச்சியையும் மதவெறியையும் முன்னிறுத்துகிறது. பூக்கோட்டூரிலோ பொறி, கோவிலகத்தில் வேலைபார்த்த வடக்கேவீட்டில் முகம்மதுவின் மீது விழுந்தது. அவர் கிலாபத் கமிட்டிச் செயலாளர். கோவிலகத்தோடு சம்பள பாக்கித் தகராறு இருந்த நிலையில் துப்பாக்கி திருடியதாகப் புகார் வந்தது. ஆகஸ்ட் முதல் தேதி போலீஸ் வந்தது, ஊர் திரண்டு தடுத்தது. அரசுக்குள்ளேயே இந்த வழக்கு பழையது. மாப்பிள்ளைக் கலகங்களுக்கு மதவெறியே காரணம் என்று 1852இல் அரசு அதிகாரி ஸ்ட்ரேஞ்ச் எழுதினார். குத்தகைக் கொடுமையே காரணம் என்று 1882இல் இன்னொரு அதிகாரி வில்லியம் லோகன் எழுதினார். மலபாரின் நிலப்பத்திரங்களைக் கிராமம் கிராமமாக விசாரித்தவர் என்பதால் லோகனையே நான் நம்புகிறேன்.

இயந்திரத் துப்பாக்கியின் எதிரே நின்றவர்கள் குத்தகையை நினைத்தா நின்றார்கள், மம்புறம் பள்ளிவாசல் இடிக்கப்பட்டது என்ற வதந்திதானே கிளப்பியது என்று கேட்கலாம். வதந்தி பரவியது உண்மை. படை சோதனையிட்டது திரூரங்காடியில் வேறொரு பள்ளிவாசலை. சாகிற துணிவை மார்க்கம் தந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் 21 அன்று பூக்கோட்டூர்க் கூட்டம் அத்தனை தூரம் நடந்து போய்த் தாக்கியது நிலம்பூர் கோவிலகத்தை. அங்கே பலர் கொல்லப்பட்டார்கள். இந்த இலக்கை மதவெறி மட்டும் விளக்காது. இன்னொரு கேள்வி கனமானது: செப்டம்பரில் கலகக்காரர்கள் துவ்வூர்க் கிணற்றில் வெட்டிப் போட்டவர்கள் எல்லோரும் ஜென்மிகளா, அதாவது நிலவுடைமையாளர்களா? இல்லை. கட்டாய மதமாற்றங்களும் நடந்தன. நிலக்கொடுமை அதற்கு நியாயமாகாது, அதைச் சொல்லாமல் விடும் வரலாறும் நேர்மையற்றது. ஆனால் இவை பெரும்பாலும் இராணுவச் சட்டம் வந்து ஊர்கள் சிதைந்த பிறகு நடந்தவை; ஆகஸ்ட் சண்டையின் காரணத்தை இவற்றிலிருந்து பின்னோக்கிப் படிக்க முடியாது.

ஜென்ம நிலத்தின் கதை கூடலூரில் இன்னும் ஓடுகிறது. 1969இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும், அதன் 17ஆம் பிரிவின் கீழ் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்ற பெயரில் பட்டா இல்லாத குடும்பங்கள் அங்கே வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கின்றன.