பின் வாங்கிலிருந்து

செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி கடந்துவிட்டது. கண்டி புனித அந்தோனியார் பேராலயத்தின் கடைசி வாங்கில், தூணோரமாக உட்கார்ந்திருக்கிறேன். பூசை இல்லாத நேரம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பஸ்களின் ஹோன் சத்தம் வாசல் வரை வந்து தேய்கிறது.

பீடத்தருகே நற்கருணைப் பேழை. பக்கத்தில் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு சிறு சுடர்.

ஒரு கிழவியும் ஏழெட்டு வயதுச் சிறுமியும் உள்ளே வருகிறார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கிழவியின் கையில் ஈரக்குடை; மற்றக் கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் கிளினிக் கொப்பியும் மருந்துப் பொட்டலங்களும். பெரியாஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். விடிய முன் தோட்டத்திலிருந்து புறப்பட்டு, நம்பர் எடுத்து, வாங்கில் காத்திருந்த களைப்பு முதுகில் தெரிகிறது. கொழுந்துக் கூடை சுமந்த முதுகு அது. கூடை இல்லாதபோதும் முன்னால் சாய்ந்தே நடக்கிறது.

முதலில் அந்தோனியாரிடம் போகிறாள். பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், மாரியம்மன் கோயிலில் தொட்டு ஒற்றுவதைப் போலவே. பிறகு பீடத்துக்கு முன்னால் வந்து, கைப்பிடியைப் பிடித்து மெல்ல மெல்ல முழந்தாளிடுகிறாள். பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்துப் படியின் மேல் விரித்து வைக்கிறாள். டொக்டர் எழுதிய பக்கம் மேலே பார்த்தபடி கிடக்கிறது. வாய் அசையவில்லை. செபமாலையும் எடுக்கவில்லை. படிக்கத் தெரிந்தவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவள் போல இருக்கிறாள்.

சிறுமி சுற்றும் முற்றும் பார்க்கிறாள்.

"அம்மாயி, இங்க யாருமே இல்லியே?"

கிழவி திரும்பவில்லை. நாடியால் விளக்கைக் காட்டுகிறாள்.

"வெளக்கு எரியுதுல்ல. சாமி உள்ள இருக்காரு."

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, கிறிஸ்து தம் மக்களிடையே எப்படியெல்லாம் இருக்கிறார் என்று எண்ணிச் சொல்கிறது: பலி நிறைவேற்றும் குருவில், எல்லாவற்றுக்கும் மேலாக அப்ப ரசத்தில், அருளடையாளங்களில், வாசிக்கப்படும் வார்த்தையில், கூடிச் செபித்துப் பாடும் மக்களில். கிழவிக்கு இந்த வரிசை தெரியாது. விளக்கைத் தெரியும். புனித வெள்ளியன்று பேழை வெறுமையாகிக் கதவு திறந்து கிடக்கும், விளக்கு அணைந்திருக்கும். ஆண்டுதோறும் அதைப் பார்த்திருப்பாள். அன்றைய வெறுமையைக் கண்டவளுக்குத்தான் இன்றைய சுடரின் பொருள் இவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

சுடரே இல்லாத காலமும் இந்தத் தீவில் இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் விரட்டப்பட்டார்கள். 1687இல் இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகள் கூலியாளின் கோலத்தில் வந்து இறங்கும்வரை, அங்கே ஏறக்குறைய 29 ஆண்டுகள் பூசை இல்லை, நற்கருணை இல்லை. யார் கிறிஸ்தவர் என்று கேட்கவும் வழியில்லை. அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். பிச்சை போடும் கையை அல்ல, கண்ணைப் பார்த்தார். எந்தக் கண் அந்த மாலையில் தங்கியதோ அந்த வீட்டை மனதில் குறித்துக்கொண்டார்.

1692இல் அவர் கண்டிக்கு வந்தார். போர்த்துக்கேய ஒற்றர் என்று பழி விழுந்தது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் சிறைக்குள் போனார். சிறைக்குள்ளேயே ஒரு குடிசைக் கோயில் எழுந்தது. 1697இல் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய்க் கழுவித் துடைத்துக் கஞ்சி ஊட்டினார். அவர் செபித்து மழை பெய்த கதையைத்தான் மக்கள் அதிகம் சொல்வார்கள். எனக்கு அந்தச் செபமாலையும் அதில் தங்கிய கண்களும்தான் பெரிது. குரு வருமுன்பே அந்த வீடுகளில் யாரோ இருந்திருக்கிறார். 29 ஆண்டு வெறும் பழக்கம் ஒரு கண்ணை அப்படி நிற்க வைக்காது.

1711 ஜனவரி 16ஆம் தேதி இந்த நகரத்தில்தான் இறந்தார். இங்கேயே அடக்கம் செய்தார்கள். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஆனால் அவர் கல்லறை இருந்த இடம் இதுதான் என்று விரல் நீட்டிக் காட்ட இன்று ஒருவராலும் முடியாது. புத்தரின் புனித தந்தத்தைக் கண்போல் காத்துவரும் ஊர் இது. இருப்பு என்றால் என்னவென்று கண்டிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஊரில் கத்தோலிக்கருக்குத் தங்கள் புனிதரின் ஓர் எலும்புகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு சிறு கதவு, அதன் பின்னே கோதுமை அப்பம், முன்னால் மண்டியிட வரும் இப்படியொரு கிழவி.

அவள் ஊரில் இந்தக் கதவும் இருக்குமோ என்னவோ. குரு எப்போதாவது வந்துபோகும் தோட்டக் கோயில்கள் இந்த மலைகளில் உண்டு. மற்ற நாட்களில் லயத்துக் காம்பிராவில், சுவரில் தொங்கும் படத்துக்கு முன்னால் நாலு பேர் கூடிச் செபமாலை சொல்வார்கள். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கிழவி கொப்பியை மூடிப் பையில் வைக்கிறாள். எழும்ப முடியவில்லை, சிறுமி தோள் கொடுக்கிறாள். இருவரும் முதுகு காட்டாமல் நாலடி பின்னால் நடந்து, பிறகுதான் திரும்புகிறார்கள். என்னைக் கடக்கும்போது கிழவியின் முகத்தைப் பார்த்தேன். களைப்பு போகவில்லை. நோயும் போயிராது. கடிதம் வாசிக்கப்பட்டுவிட்டது போன்ற ஓர் ஆறுதல் மட்டும் இருந்தது. வாசலில் சிறுமி மறுபடி திரும்பி விளக்கைப் பார்த்து, இடதா வலதா என்று தடுமாறிச் சிலுவை அடையாளம் போட்டாள்.

பீடப்படியின் அருகே, குடையை வைத்திருந்த இடத்தில் நீர் வட்டமாகத் தேங்கியிருக்கிறது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் அவசரமாக உள்ளே வருகிறார். தோளில் கண்டக்டர் பை. அந்த ஈரத்துக்குப் பக்கத்திலேயே முழந்தாளிடுகிறார். பைக்குள் சில்லறை ஒருமுறை குலுங்கி அடங்குகிறது.