நாம் கண்ட ஸ்ரீஹரிக்கோட்டா

திருப்பதியில் வேலை பார்ப்பவருக்கு உறவினர் பஞ்சம் என்பதே கிடையாது. நாம் அரக்கோணத்தை விட்டு இவ்வூர் ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக வந்தமர்ந்து பதினோராண்டுகள் ஆகின்றன. அன்று முதல் மாதம் இரு குடும்பமாவது நம் வீட்டுத் திண்ணையில் மூட்டையை இறக்காமல் இருந்ததில்லை. அவர்களை மலைக்கு ஏற்றிவிடுவதும், கபில தீர்த்தத்தில் நீராட்டுவதும், திருச்சானூருக்கும் காளத்திக்கும் கூட்டிச் செல்வதும், விடுமுறை கிடைத்தால் சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் பிள்ளையார் வரை கொண்டுபோய்க் காட்டுவதும் நமது பணியாயிற்று. சம்பளமில்லாத வழிகாட்டி உத்தியோகம்! சங்கத்து அன்பர்கள் பலருக்கும் இந்த உத்தியோகம் பழக்கமானதே. ஆயின், ஒருவர் முன்னே நடக்க நாம் பின்னே நடந்து ஓரிடத்தைப் பார்த்தது என்று நம் வாழ்நாளில் ஒரு பொழுதும் இருந்ததில்லை. அந்தக் குறை சென்ற தை மாதத்தில் நீங்கியது.

காரணம் நம் மகன். ஏழாம் வகுப்பில் தெலுங்கில் படிக்கிறான். "நம்ம ஜில்லாவிலே ஒரு தீவு இருக்குதாம் அப்பா. அங்கிருந்துதான் ராக்கெட் விடறாங்களாம். பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதணும்" என்றான். நாம் முதலில் நம்பவில்லை. பிறகு விசாரித்தால் பையன் சொன்னது சரியே. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் அமைத்தபோது, நெல்லூரைச் சேர்ந்திருந்த சூலூர்பேட்டைப் பகுதியையும் இதனுடன் இணைத்துவிட்டார்கள். அதனோடு ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவும் வந்து சேர்ந்தது. இந்தப் பக்கத்து மக்களுக்கு மாவட்டம் மாறுவது புதிதன்று. 1911 இல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துத்தான் சித்தூர் மாவட்டத்தையே அமைத்தார்கள். 1960 இல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள், எல்லைதான் நடந்துகொண்டிருக்கும்.

தாயார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தீவுன்னா சுத்திக் கடல் இருக்குமே?" என்றார். அரக்கோணத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம்! ஆயினும், எழுபது வயதாகும் நம் தாயார் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. சென்னைக்குப் பலமுறை போயிருக்கிறார். சென்ட்ரல் ஸ்டேஷனையும் பெரிய ஆஸ்பத்திரி வாசலையும் தவிர வேறொன்றும் கண்டதில்லை. தந்தையார் ரயில் பாதையில் கேங்மேனாக உழைத்து மறைந்தவர். கடற்கரைக்குப் போக அவருக்கு நேரமிருந்ததில்லை. ஆகவே தாயாரும் புறப்படுவதென்று முடிவாயிற்று.

கூடூர் போய் வண்டி மாறினால் சூலூர்பேட்டைக்கு ரயிலிலேயே போகலாம். ஆனால் தாயாரின் முழங்கால் இடங்கொடாது. எனவே ஒரு நாள் முழுவதும் காருடன் வந்து இடங்களையும் சுற்றிக் காட்டும் ஒருவரை ஏற்பாடு செய்தோம். சூலூர்பேட்டைப் பக்கத்துக்காரர், வயது நாற்பதுக்கு மேல், தமிழும் தெலுங்கும் ஒருசேரப் பேசுபவர். நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார். நாம் பேரம் பேசி மூவாயிரத்து எண்ணூறில் நிறுத்தினோம். நிறுத்திவிட்டுப் பெருமையும் பட்டுக்கொண்டோம்.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டுக் காளத்தி, நாயுடுப்பேட்டை வழியே சென்றபோது, தொரவாரிசத்திரத்தை ஒட்டிய நேலபட்டு என்னும் சிற்றூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார். அங்கே கண்ட காட்சியை எப்படி எழுதுவது! நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்கள் தோறும் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தன. குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையையே நுழைத்து மீன் தின்கிறது. ஐப்பசியில் வந்து பங்குனி வரை தங்குமாம். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதால் ஊரார் இவற்றை விரட்டுவதில்லை. "நம்ம வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க மாதிரிதான்" என்றார் நம் வீட்டார் மெல்ல. யாரைச் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை.

சூலூர்பேட்டையில் செங்காளம்மன் கோயிலில் இறங்கினோம். காளங்கி ஆற்றங்கரையில் உள்ளது. ராக்கெட் ஏவுவதற்கு முன் விஞ்ஞானிகளும் வந்து வணங்கிச் செல்லும் கோயில் இது. இந்த அம்மன் சந்நிதிக் கதவை இரவிலும் மூடுவதில்லை என்பர். தாயார் அதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தார்.

அங்கிருந்து தீவுக்குப் பாதை பழவேற்காட்டு ஏரியின் நடுவே செல்கிறது. இருமருங்கும் நீர். இந்தியாவின் உப்புநீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. பரப்புக்குத் தக்க ஆழமில்லை. பல இடங்களில் முழங்காலளவுதான். அந்த ஆழமின்மையே பூநாரைகளுக்கு வாழ்வு. தொலைவில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்தக் கோடு எழுந்து பறந்தது! பூநாரை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்று நீரை வடிகட்டித் தின்னும் என்றும், அந்தத் தீனியிலுள்ள பொருளே அதன் இறகுக்குச் சிவப்பை அளிக்கிறது என்றும் வழிகாட்டி சொன்னார். தெலுங்கில் ராஜஹம்சம் என்பார்களாம். பையன் நோட்டுப் புத்தகத்தில் வேகமாக எழுதினான்.

"இதுதான் கடலா தம்பி?" என்று தாயார் கேட்டார்.

"இல்லம்மா, இது ஏரி. கடல் அந்தத் தீவுக்கு அப்பால் இருக்குது" என்றார் அவர்.

இனி எழுதப்போவது நமக்கு வெட்கமான செய்தி. தீவு முழுவதும் விண்வெளி மையத்தின் பாதுகாப்பில் உள்ளது. அருங்காட்சியகத்தைப் பார்ப்பதற்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒவ்வொருவரும் அடையாள அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும். பதிவெல்லாம் ஒழுங்காகச் செய்தோம். வாயிலில் பையைத் திறந்தால் மூன்று அட்டைகள் இருந்தன. தாயாரின் ஆதார் அட்டை இல்லை. அது வீட்டில் அவருடைய தகரப் பெட்டிக்குள், ரேஷன் கார்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது! ஒரு சீட்டுக் குறைந்தால் எத்தனை கெஞ்சினாலும் பார்சலை எடுத்துக்கொள்ளாத குமாஸ்தா நாம். அந்தக் காவலரிடம் எந்த வாயால் கெஞ்சுவது? அவர் மரியாதையாகவே மறுத்தார். சட்டம் அவர் பக்கம். நமக்கு அது நன்றாகத் தெரியும்.

திரும்பிவிடலாம் என்றோம். தாயார் ஒப்பவில்லை. "குழந்தை எழுதணுமில்ல. நீங்க போயிட்டு வாங்க. அம்மன் கோயில்லயே கதவு இல்ல, இங்க கதவிருக்குது. இருந்துட்டுப் போகட்டும்" என்று மர நிழலில் அமர்ந்துவிட்டார். வழிகாட்டி, தாம் உடனிருப்பதாகச் சொன்னார். உள்ளே சென்றோமே தவிர, நம் மனம் வாயிலிலேயே நின்றது.

உள்ளே கண்டவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறோம். இத்தீவு நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலும் கீழைக் கடலோரத்திலும் இருப்பதே இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. இவ்விடத்தில் அந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி ஏவினால் அவ்வேகம் ராக்கெட்டுக்கு இனாமாகக் கிடைக்கிறது. பழுதுபட்டு விழுந்தாலும் கடலில் விழும். 1971 அக்டோபர் 9 இல் ஒரு சிறு ரோகிணி ராக்கெட்டுடன் தொடங்கி, 2025 ஜனவரி 29 இல் நூறாவது ஏவுதலைக் கண்டது இந்த மையம். எல்.வி.எம்.3 என்னும் ராக்கெட்டின் எடை 640 டன். நம் பார்சல் தராசை நினைத்துக்கொண்டோம்.

அங்கே நம் நினைவில் நின்றவை இரண்டு. முதலாவது, 1979 ஆகஸ்ட் 10 இல் எஸ்.எல்.வி.3 கடலில் விழுந்த கதை. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர் முன் வந்து தோல்விக்குப் பொறுப்பேற்றவர் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18 இல் வெற்றி கிட்டியபோது அவர் ஒதுங்கிக்கொண்டு கலாமைப் பேச அனுப்பினார். இதைக் கேட்டால் எந்த அலுவலகத்துக் குமாஸ்தாவின் நெஞ்சும் உருகும். 2002 இல் இம்மையத்துக்கு அவர் பெயரையே இட்டார்கள். இரண்டாவது, 2023 ஜூலை 14 இல் இங்கிருந்து புறப்பட்டு ஆகஸ்ட் 23 இல் நிலவில் இறங்கிய சந்திரயான் 3. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அவர் தந்தையார் ரயில்வேயில் டெக்னீஷியனாகப் பணியாற்றியவர். "தாத்தா மாதிரியா அப்பா?" என்று மகன் கேட்டான். ஆம் என்றோம். சற்று நேரம் வேறொன்றும் பேச இயலவில்லை.

வெளியே வந்தபோது, தாயார் வருத்தத்துடன் இருப்பார் என்று அஞ்சினோம். அவரோ வழிகாட்டியுடன் வெற்றிலை போட்டுக்கொண்டு கதை கேட்டுக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும் அவர் சொன்ன செய்தி நமக்குப் புதிது.

வழிகாட்டியின் பாட்டி பிறந்தது அந்தத் தீவிலாம்! அவர்கள் யானாதி குலத்தார். கிழங்கு அகழ்ந்தும், தேனெடுத்தும், மீன் பிடித்தும் தலைமுறை தலைமுறையாக அத்தீவின் காட்டில் வாழ்ந்தவர்கள். தீவின் விறகு பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் சென்னைக்குப் போகும். சென்னை நகரத்து அடுப்புகளில் எரிந்ததில் அவர்கள் வெட்டியதும் உண்டு. ராக்கெட் தளத்துக்காக அரசு தீவை எடுத்துக்கொண்டபோது குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. சிலர் அங்கேயே கூலி வேலையில் தங்கினர்; இவருடைய பாட்டி ஏரியைக் கடந்து இக்கரைக்கு வந்துவிட்டார். சாகும்வரை மாலை வேளையில் ஏரிக்கரையில் நின்று அந்தப் பக்கம் பார்ப்பாராம். தேனடையை எந்த மரத்தில் எந்த மாதத்தில் எடுப்பது என்று பேரனுக்கு வாயாலேயே சொல்லிக் கொடுத்தாராம். பேரன் அந்த மரத்தைப் பார்த்ததில்லை.

"ராக்கெட் போகும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று மகன் தெலுங்கில் கேட்டான். சிறு பிள்ளை கேட்டுவிட்டான். நாம் கேட்டிருக்க மாட்டோம். "மேலே போனால் கைதட்டுவேன் பாபு. எங்க ஊரிலிருந்துதானே போகுது" என்றார் அவர். அவரிடந்தான் எழுநூறு ரூபாய் குறைத்திருந்தோம்.

நாயுடுப்பேட்டை வந்ததும் வண்டி நேரே செல்லாமல் கிழக்கே திரும்பியது. ஏன் என்று கேட்டோம். "அம்மா கடல் பார்க்க வந்தாங்க சார். பார்க்காமல் எப்படித் திரும்புவது?" என்றார். வாக்காடு வழியாகத் தூப்பிலிப்பாளையம் கடற்கரைக்குக் கொண்டுபோனார். அதே வட்டாரத்துத் துக்கராஜபட்டினத்தில்தான் 1626 இல் ஆங்கிலேயர் ஒரு பண்டகசாலை அமைத்திருந்தனர். சென்னைப் பட்டினம் உருவானது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். அதையெல்லாம் கேட்கும் நிலையில் தாயார் இல்லை. செருப்பைக் கழற்றி நம் கையில் கொடுத்துவிட்டு, மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினார். முதல் அலை காலைத் தொட்டதும் பின்வாங்கினார். இரண்டாவது அலைக்கு அசையவில்லை. கடலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு குனிந்து ஒரு கை நீரை அள்ளி நாவில் வைத்து, "உப்புத்தான்" என்றார், யாரோ சொன்னதைச் சரிபார்த்தவர் போல.

இரவு ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்தோம். நான்காயிரத்து ஐந்நூறை எண்ணி நீட்டினோம். வழிகாட்டி மூவாயிரத்து எண்ணூறை மட்டும் எடுத்துக்கொண்டு, "பேசினது பேசினதுதான் சார்" என்றார். கடற்கரைக்குச் சுற்றிய டீசலுக்காவது என்று வற்புறுத்தினோம். பலிக்கவில்லை. தாயார்தாம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, "உன் பொண்ணுக்கு வளையல் வாங்கு" என்று இருநூறு ரூபாயை அவர் கையில் திணித்தார். அதை மட்டும் மறுக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. மகன் கட்டுரையை எழுதி முடித்துப் பாட்டிக்குப் படித்துக் காட்டினான். தெலுங்கில் எழுதியதை வரிக்கு வரி தமிழில் சொன்னான். சில சொற்களுக்குத் தமிழ் தெரியாமல் விழித்தபோது நாம் எடுத்துக் கொடுத்தோம். ராக்கெட், எடை, தேதி, பூநாரை எல்லாம் பிழையின்றி இருந்தன. தாயார் முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா. அந்த ஆயா தேன் எடுத்ததை எழுதலையே?" என்றார்.

பையன் மறுபடி பேனாவைத் திறந்தான்.